கத்தி வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

உங்ககிட்ட ஒரு கேள்வி. நீங்க ஒரு டாக்டர். உங்க முன்னாடி ஒரு சின்னப் பையன் மூச்சுத் திணறலோட படுத்திருக்கான். ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணா பிழைச்சுடுவான், பண்ணலைன்னா செத்துடுவான். பெத்தவங்க, "கத்தி வைக்கக் கூடாது" என்கிறார்கள். என்ன பண்ணுவீங்க?

பதிலை மனசுல வைச்சுக்கோங்க. கடைசியில் அது மாறுதான்னு பார்க்கலாம்.

இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. 'பேபிலான் 5' என்ற பழைய அமெரிக்க சயின்ஸ் ஃபிக்ஷன் சீரியலுடையது. 1993-ல் பைலட் படம் வந்தது, 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன் ஓடியது. நாம யாரும் அப்போ பிறக்கவே இல்லை. ஹாஸ்டலில் பாஸ் அவுட் ஆன ஒரு அக்கா விட்டுட்டுப் போன ஹார்ட் டிஸ்கில் அது இருந்தது. மூணாவது வருஷ லீவில் பொழுது போகாம ஆரம்பிச்சேன். கிராஃபிக்ஸைப் பார்த்து முதலில் சிரிச்சேன். அமிகா கம்ப்யூட்டர்களை வைச்சுப் பண்ணினது, அதனால் விண்கலங்கள் பழைய வீடியோ கேம் மாதிரிதான் இருக்கும். நாலு எபிசோட் தாண்டினதும் சிரிப்பு போயிடுச்சு.

கதை நடக்கும் இடம் ஒரு விண்வெளி நிலையம். எப்சிலான் எரிடானி என்ற நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கு. அது நிஜ நட்சத்திரம்தான், நம்மிடமிருந்து சுமார் 10.5 ஒளியாண்டு தூரம். நிலையத்தின் நீளம் 5 மைல். மனிதர்களும் வேற்றுக்கிரகவாசிகளும் சேர்ந்து இரண்டரை லட்சம் பேர் இருக்காங்க. தூதர்கள், வியாபாரிகள், கடத்தல்காரர்கள், ஊருக்குத் திரும்ப டிக்கெட் காசு இல்லாதவங்கன்னு எல்லாரும் உண்டு. இவங்க எல்லாருக்கும் உடம்பு சரியில்லைன்னா போற இடம் மெட்லேப். அதன் தலைமை டாக்டர் ஸ்டீபன் ஃபிராங்க்ளின். நடித்தவர் ரிச்சர்ட் பிக்ஸ்.

நான் இ.சி.இ., அதனால் முதலில் கண்ணில் பட்டது இன்ஜினியரிங்தான். இந்த நிலையம் தன் அச்சில் சுத்திக்கிட்டே இருக்கும். ஜெரார்ட் ஓ'நீல் என்ற இயற்பியலாளர் 1970-களில் எழுதின உருளை வடிவ விண்வெளிக் குடியிருப்பு யோசனைதான் இது. சுத்துறதால ஓரத்தில் நிற்கிறவங்களுக்கு எடை இருக்கும். ஆரம் 400 மீட்டர்னு சும்மா வைச்சுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமி மாதிரி எடை வர ஒரு சுற்றுக்கு சுமார் 40 விநாடி போதும். பரவாயில்ல, தலை சுத்தாது.

இதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். ட்ரிப்ஸ் பாட்டிலை நினைச்சுப் பாருங்க. அது சொட்டுச் சொட்டா இறங்குறதே எடையால்தான். நிஜமான சர்வதேச விண்வெளி நிலையத்தில் பாட்டிலைத் தொங்கவிட்டா ஒண்ணும் இறங்காது. உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியும் மேலே போகாம திரவத்தோட கலந்தே நிக்கும். அதனால் பம்ப் வேணும், குமிழியை வடிகட்ட வேற ஏற்பாடு வேணும். பேபிலான் 5 சுத்துறதால அங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. மீத்தேன் சுவாசிக்கிறவங்களுக்குத் தனிப் பகுதி இருக்கு, தொற்று வந்தா அடைச்சு வைக்கத் தனி அறை இருக்கு, உடம்புக்குள்ளே பார்க்க ஸ்கேனர் இருக்கு. டெக்னாலஜி பக்கம் கிட்டத்தட்ட எல்லாமே தீர்ந்தாச்சு.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரிக்கு என்னதான் பிரச்சினை? கதை எழுதினவங்க சாமர்த்தியம் இங்கேதான் இருக்கு. மெஷின் எல்லாம் கொடுத்துட்டு, மிச்சம் இருக்கிற ஒரே பிரச்சினையை டாக்டர் முன்னாடி வைச்சுட்டாங்க. எதிரே படுத்திருக்கிறவர் வேண்டாம்னா என்ன பண்றது? பைலட் படத்திலேயே இது ஆரம்பிச்சிடுது. விஷம் ஏறி விழுந்து கிடக்கும் ஒரு தூதரின் கவச உடையைத் திறக்கவே கூடாதுன்னு அவருடைய அரசாங்கம் சொல்லிடும். திறக்காம எப்படி வைத்தியம் பார்ப்பது?

இப்போ நான் முதலில் கேட்ட கேள்விக்கு வரேன். இனிமே கதையைச் சொல்லிடுவேன், வேண்டாதவங்க அடுத்த மூணு பாராவைத் தாண்டிடுங்க.

முதல் சீசன், 10-வது எபிசோட். பெயர் 'பிலீவர்ஸ்'. எழுதினவர் டேவிட் ஜெரால்ட். ஷான் என்ற வேற்றுக்கிரகப் பையனுக்கு மூச்சு உறுப்பில் அடைப்பு. ஃபிராங்க்ளினுக்கு அது சாதாரண ஆபரேஷன். ஆனா அந்த இனத்தின் நம்பிக்கைப்படி உடம்பைக் கீறினா உயிர் வெளியே போயிடும். உணவுக்கான மிருகத்தைத்தான் அறுப்பாங்க. பெத்தவங்க கெட்டவங்க இல்லை. பையன் மேல் உயிரையே வைச்சிருக்காங்க. தங்கள் பக்கம் பேசச் சொல்லி ஒவ்வொரு தூதராப் போய்க் கெஞ்சுறாங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காரணம் சொல்லி நழுவிடுறாங்க. அந்தப் பக்கம் ஃபிராங்க்ளின், நிலையத்தின் தலைவர்கிட்ட அனுமதி கேட்கிறார். அவரும் யோசிச்சுட்டு, பெற்றோரின் நம்பிக்கையை மீற முடியாதுன்னு மறுத்துடுறார்.

ஃபிராங்க்ளின் கேட்கலை. ஆபரேஷன் பண்ணிடுறார். பையன் பிழைச்சு, உட்கார்ந்து, சிரிக்கிறான். பெத்தவங்க வந்து பார்த்துட்டு, இது எங்க பிள்ளையே இல்லை, வெறும் கூடுன்னு கதறிட்டுப் போறாங்க. கொஞ்ச நேரத்தில் அமைதியாத் திரும்பி வந்து, ஒரு அங்கியைப் போர்த்தி அவனைக் கூட்டிட்டுப் போறாங்க. மனசு மாறிட்டாங்கன்னு ஃபிராங்க்ளினுக்குச் சந்தோஷம். அப்புறம்தான் அந்த அங்கிக்கு என்ன அர்த்தம்னு கம்ப்யூட்டரில் தேடுறார். உயிர் கடைசிப் பயணம் போறப்போ போடுற உடை அது. ஓடிப் போறார். பையனைச் சுத்தி மெழுகுவர்த்தி எரியுது. முடிஞ்சு போச்சு.

லீவு முடிஞ்சு வந்ததும் எங்க ரூமில் எல்லாரையும் உட்கார வைச்சு இதைப் போட்டேன். இரண்டு நாள் சண்டை. ஒருத்தி "டாக்டர் பண்ணினது கரெக்ட்" என்றாள். இன்னொருத்தி "அவர் யாருடி முடிவு பண்ண" என்றாள். சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினோம். வளர்ந்த ஆள், புத்தி தெளிவா இருக்கிறவர், வைத்தியம் வேண்டாம்னா கட்டாயப்படுத்த முடியாது. டாக்டர் தேவையான தகவலைச் சொல்லி வாங்கின சம்மதம்தான் சம்மதம்னு 2008-ல் நம்ம உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கு. ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைச்சுக்கிட்டுப் பெரிய ஆபரேஷன் பண்ண முடியாது. குழந்தை விஷயம் வேற. ரத்தம் ஏத்தக் கூடாதுன்னு பெற்றோர் மறுத்த வழக்குகளில் இங்கிலாந்து மாதிரி நாடுகளில் கோர்ட் தலையிட்டு அனுமதி கொடுத்திருக்கு. அந்தக் கணக்கில் பார்த்தா ஃபிராங்க்ளின் பக்கம்தான் நியாயம். என் ரூம் மேட் டேபிளைத் தட்டி ஜெயிச்சுட்டேன்னா.

நான் ஒத்துக்கலை. காரணம் எங்க ஆச்சி.

ஆச்சிக்கு 68 வயசு. திருநெல்வேலிப் பக்கம் கிராமம். குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கு. ஐந்து மாசம் யார்கிட்டயும் சொல்லலை. என்கிட்ட தினமும் வீடியோ காலில் "சாப்ட்டியாட்டி"ன்னு கேட்டவங்க, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. கடைசியில் அம்மாவே பார்த்துதான் தெரிஞ்சது. முதலில் போன ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும்னாங்க. ஆச்சி எழுந்துட்டாங்க. "கத்தி பட்டா பரவிரும்லா. நான் மாட்டேன்." அந்த டாக்டருக்குக் கோபம் வந்துடுச்சு. படிச்ச பேத்தி இருந்துமா இப்படி, இஷ்டம் இல்லைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தாங்க. அவர் அவசரமும் எனக்குப் புரியுது. ஆனா வீட்டுக்குத்தான் வந்தோம்.

வீட்டில் எல்லாரும் மாறி மாறிப் பேசினோம். மாமா அதட்டினார். அம்மா அழுதாங்க. நான் மொபைலில் படம் போட்டு விளக்கினேன். ஆச்சி எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, கோழிக்குத் தவிடு வைக்கப் போயிடுவாங்க.

மூணு வாரம் கழிச்சு வேற ஒரு ஆஸ்பத்திரி. அங்கே இருந்தது சின்ன வயசு லேடி டாக்டர். ஃபைலை மூடி வைச்சுட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. "பரவும்னு உங்களுக்கு யாரு ஆச்சி சொன்னா?" அவ்வளவுதான் கேட்டாங்க.

ஆச்சி ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க. அவங்க அக்காவுக்கு இதே மாதிரி வந்து, ஆபரேஷன் பண்ணி, நாலே மாசத்தில் போயிட்டாங்க. எங்களுக்கு யாருக்கும் தெரியாத கதை இது. அம்மாவுக்கே பாதிதான் தெரியும். டாக்டர் அடுத்துக் கேட்டது, "அக்கா எப்போ ஆஸ்பத்திரிக்குப் போனாங்க?" கட்டி உடைஞ்சு புண்ணாகி, வாசனை வந்த பிறகு. "அப்போ கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே பரவியிருக்கும் ஆச்சி. கத்தியால வந்தது இல்ல. லேட்டாப் போனதால வந்தது." ஊசி டெஸ்டால் இந்த நோய் பரவுறதில்லைன்னு அப்புறம்தான் விளக்கினாங்க. மொத்தம் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

ஆச்சி கேட்ட அடுத்த கேள்வி, "வலிக்குமா?"

எங்க வீட்டில் அதுவரை யாரும் 'ஏன்' என்று கேட்கலை. எல்லாரும் 'எப்படி'ன்னு விளக்கிக்கிட்டு இருந்தோம்.

இப்போ ஷான் கதைக்குத் திரும்பி வாங்க. நேரமெடுத்துக் கேட்டிருந்தா அந்தப் பெற்றோர் சம்மதிச்சிருப்பாங்களா? இல்லைன்னுதான் நினைக்கிறேன். எங்க ஆச்சியுடையது பயம். அவங்களுடையது ஆழமான மதம். எல்லா 'மாட்டேன்'க்குப் பின்னாடியும் ஒரு அக்கா கதை இருக்கும்னு சொல்ல முடியாது. அதனால் குழந்தையாச்சே, ஆபரேஷன் பண்ணத்தான் வேணும்னு நானும் சொல்றேன். என் வாதம் அதுக்கு அடுத்த நிமிஷத்தைப் பத்தி. ஆபரேஷன் முடிஞ்ச பிறகு அந்தப் பையன் எந்த வீட்டுக்குப் போவான்? 'கூடு'ன்னு அழுதவங்க கையில் எப்படித் திரும்ப ஒப்படைக்கிறது? ஃபிராங்க்ளினுக்கு அந்த இனத்தின் மூச்சு உறுப்பு எப்படி வேலை செய்யும்னு தெரியும். அந்த அங்கி எதுக்குன்னு தெரியாது. தேடினா ஒரு நிமிஷத்தில் கிடைக்கிற தகவல்தான். அவர் பார்வையில் தையல் போட்டதோட கேஸ் முடிஞ்சுடுச்சு. பையனுக்கு அப்போதான் ஆரம்பிச்சது.

ஐந்து மாசம் ஆச்சி வாயைத் திறக்காததுக்கும் அதே சீரியலில் ஒரு எபிசோட் இருக்கு. இரண்டாவது சீசன், 18-வது. மார்காப் என்ற இனத்துக்குள் ஒரு கொள்ளை நோய் பரவும். ஒழுக்கம் கெட்டவங்களுக்குத்தான் இந்த நோய் வரும்னு அவங்க காலங்காலமா நம்பிட்டு வராங்க. அப்போ நோய் வந்ததுன்னு யார் வெளியே சொல்வா? அவங்க டாக்டர்களே மூடி மறைக்கிறாங்க. ஃபிராங்க்ளின் மருந்து கண்டுபிடிச்சு, அவங்க அடைச்சுக்கிட்ட கதவைத் திறக்கும்போது உள்ளே ஒருத்தர்கூட உயிரோட இல்லை. நோயைவிட வெட்கம் வேகமா வேலை செஞ்சிருக்கு. இதைப் பார்த்தப்போ ஆச்சி விஷயம் நடக்கலை. இப்போ திரும்பப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஃபிராங்க்ளின் கெட்டவர்னு நினைச்சுடாதீங்க. மெட்லேபுக்கு வர முடியாத ஏழைகள் நிலையத்தின் அடிப்பகுதியில் இருப்பாங்க. டவுன்பிலோன்னு பெயர். ஷிஃப்ட் முடிஞ்சதும் அங்கே போய் இலவச கிளினிக் நடத்துறவர் அவர். போர்க் காலத்தில், வேற்றினத்தாரின் உடம்பைப் பத்தி அவர் எழுதி வைச்ச குறிப்புகளை ஆயுதம் செய்யக் கேட்டப்போ, கொடுக்காம அழிச்சவர். ஆனா தூங்காம வேலை பார்க்க ஊக்க மருந்து போட்டுக்க ஆரம்பிச்சு, அதுக்கே அடிமையாகி, மூணாவது சீசனில் வேலையை விட்டுட்டுப் போறார். ஊரில் உள்ள எல்லாரையும் பார்த்துக்கிற டாக்டரை "நீங்க எப்படி இருக்கீங்க"ன்னு கேட்கவே ஒரு நண்பர் கெஞ்சிப் போராட வேண்டியிருக்கும். செமஸ்டர் நேரத்தில் மூணு நாள் முழிச்சிருந்து அதைப் பெருமையா ஸ்டேட்டஸ் போடுற நம்ம ஆளுங்க இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.

கதையை விட்டு நிஜத்துக்கு வருவோம். நமக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டரில் நிஜ விண்வெளி நிலையம் சுத்திக்கிட்டிருக்கு. அங்கே மெட்லேப் கிடையாது. ஒரு மருந்துப் பெட்டியும், அடிப்படைப் பயிற்சி எடுத்த சக வீரரும்தான் பெரும்பாலும். ஒரு ஆராய்ச்சிக்காக அல்ட்ராசவுண்ட் எடுத்தப்போ, ஒரு வீரரின் கழுத்து நரம்பில் ரத்தக்கட்டி இருக்கிறது தெரிஞ்சது. 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வெளியாச்சு. கையில் இருந்த மருந்து கொஞ்சம்தான். அடுத்த சரக்குக் கலம் மாத்திரை கொண்டு வர்ற வரைக்கும் அளந்து அளந்து ஊசி போட்டாங்க. அமெரிக்காவில் இருந்த ரத்தக்கட்டி நிபுணர் ஒருவர் மெயிலிலும் போனிலும் வழி சொன்னார். ஒருமுறை அந்த வீரர் அவர் வீட்டு நம்பருக்கே போன் பண்ணியிருக்கார். எடுத்தது டாக்டரின் மனைவி. விண்வெளியில் இருந்து போன். மெட்லேப் ஸ்கேனர் இல்லாத இடத்தில் ஒரு பேச்சு வேலை செஞ்சிருக்கு.

இதெல்லாம் எதுக்கு நம்ம காலேஜ் இதழில்னு கேட்டா, நம்மில் பாதிப் பேர் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு ஏதாவது மெடிக்கல் டிவைஸ்தான் பண்றோம். எங்க டீமும்தான். தலைப்பு உங்களுக்கே தெரியும், ஒவ்வொரு பேட்ச்லயும் ஒண்ணு உண்டு: ட்ரிப்ஸ் தீரப் போறப்போ அலாரம் அடிக்கிற கருவி. லோட் செல், மைக்ரோ கன்ட்ரோலர், பஸ்ஸர். ஆச்சிக்கு ட்ரிப்ஸ் ஏறும்போது பக்கத்தில் இருந்த சிஸ்டர்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன். "பஸ்ஸர் வேண்டாம்மா. ராத்திரி இந்த வார்டுக்கு நாங்க ரெண்டு பேர்தான். ஒரு பெட்ல அடிச்சா பத்து பேர் முழிச்சுக்குவாங்க. எங்க டேபிள்ல எந்த பெட், இன்னும் எத்தனை நிமிஷம்னு காட்டினா போதும்" என்றார். இப்போ எங்க கருவியில் பஸ்ஸர் இல்லை. சிஸ்டர் டேபிளில் ஒரு சின்ன ஸ்கிரீன் இருக்கு. ரிவ்யூவில் "அலாரம் எங்கே"ன்னு கேட்டாங்க. நாங்க அந்த சிஸ்டர் சொன்னதையே சொன்னோம்.

உங்க ப்ராஜெக்ட் எதுவானாலும், அதைத் தினமும் கையாளப் போகிற ஒருத்தர்கிட்ட கால் மணி நேரம் பேசிட்டு வாங்க. விளக்க வேண்டாம், கேளுங்க. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு அடம் பிடிச்சாலும் அதையேதான் சொல்வேன்.

ஆச்சிக்கு ஆபரேஷன் முடிஞ்சு, நாலாவது கீமோ ஆச்சு. முடி போயிடுச்சு. தலையில் துண்டு கட்டிக்கிட்டு இருக்காங்க. பார்க்க வர்ற சொந்தக்காரங்க "கத்தி வச்சிட்டீங்களே"ன்னு அவங்க காது படவே சொல்றாங்க. இப்போ அம்மாவின் பாதி வேலை அவங்களை வாசலிலேயே காபி கொடுத்து அனுப்புறதுதான். நான் மேலே சொன்ன 'அடுத்த நிமிஷம்' இதுதான். எங்க வீட்டில் அது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

பேபிலான் 5 பார்க்க ஆசைன்னா முதல் சீசனின் 10-வது எபிசோடில் இருந்தே ஆரம்பிக்கலாம், தனிக் கதைதான். கிராஃபிக்ஸைப் பார்த்துச் சிரிச்சா கோவிச்சுக்க மாட்டேன். பார்த்து முடிச்சுட்டு, ஆரம்பத்தில் மனசுல வைச்ச பதிலை எடுத்துப் பாருங்க. ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னு எல்லாரும் சொல்லிடுவீங்க. முடிச்ச பிறகு அந்தப் பையனை யார்கிட்ட அனுப்புவீங்க? அதையும் யோசிச்சுட்டு வாங்க, மெஸ்ஸில் பேசலாம்.